துரைசாணியின் நாடாப் பதக்கம்

கோட்டை வீடுகளில் உடுப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களே, ஊசியை எப்படிப் பிடிப்பது, கழுத்துத் துணியை எப்படி மடிப்பது என்றெல்லாம் இதில் நான் சொல்லப்போவதில்லை. அது தானாகக் கைக்கு வந்துவிடும். வராவிட்டால் துரைசாணிகள் போடும் சத்தத்தில் வந்துவிடும். நான் சொல்ல உட்கார்ந்தது வேறு. பழவேற்காட்டில் ஒல்லாந்து தேசத்து உலாந்தாக்காரப் பெண்களுக்கு உடுப்பு மாட்டியே தலை நரைத்தவள் நான். இந்த வேலையில் நான் மறக்காத நாள் ஒன்று உண்டு. அதை எழுதுகிறேன். எழுத்தை நானே மணலில் விரலால் கீறிப் பழகியவள், ஆகையால் பேசுவது போலத்தான் எனக்கு எழுத வரும்.

முதலில் பொருள்களைத் தெரிந்துகொள்ளுங்கள். உலாந்தாக்காரப் பெண்களின் உடுப்பு, தைத்து முடித்த உடுப்பு இல்லை. மார்புக்கு ஒரு துண்டு, தோளுக்கு ஒரு துண்டு, கழுத்துக்கு ஒரு துண்டு என்று பிரிந்து கிடக்கும். ஒவ்வொரு காலையும் அவர்கள் உடம்பின் மேலேயே வைத்து ஊசி குத்திச் சேர்க்க வேண்டும். நான் வேலை செய்த வீட்டுச் சமையல்காரி இதை முதல் முறை பார்த்துவிட்டு, "எங்க வூட்டுல மீனுக்குத்தான் இத்தினி முள்ளு, இங்க மனுசிக்கே இத்தினி முள்ளா!" என்றாள். அந்த வீட்டில் இருந்த வரைக்கும் மீன் ஆயும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

தினப்படிக்கு இருப்பது பித்தளை ஊசி. விருந்துக்குப் போனால் மார்பின் முன்பக்கம் விறைப்பான ஒரு பலகைத் துணி வரும். அதன் மேல் வைப்பது நெஞ்சுப் பதக்கம். மேலே அகலமாய், இடுப்புக்கு வர வரக் குறுகி, முக்கோணமாக இருக்கும். அதற்கு ஊசி கிடையாது. பின்னால் இருக்கும் சின்ன வளையங்களில் நூல் கோத்துத் தைத்துவிட வேண்டும். ஏணிப் பதக்கம் என்பது ஒன்றல்ல, ஒரு வரிசை. பெரியது மேலே, சிறியது கீழே என்று இடுப்பு வரை ஏணிப்படி போல இறங்கும். தொப்பியை நெற்றிப்பொட்டில் பிடித்துக்கொள்ளத் தனி ஊசி, மேலங்கியைக் கழுத்தடியில் சேர்க்கத் தனிக் கொக்கி. இவை போக, நாடாவை முடிந்து விட்டாற்போலப் பொன்னில் செய்து, பொடி வைரம் பதித்து, கீழே ஒரு முத்து தொங்கும் நாடாப் பதக்கம். அதன் பின்னால் நீளமாய் ஒரு ஊசி. ஊசியின் முனை போய்ப் படுக்கும் இடத்தில் சின்னதாய் ஒரு கொக்கி. அந்தக் கொக்கியை மட்டும் எந்த நாளும் நம்பாதீர்கள். பெருமூச்சு விட்டாலே கழன்றுகொள்ளும்.

கடைசியாகக் கறுப்பு ஊசி. இரும்புக் கம்பியில் செய்து கறுப்புப் பூசியிருப்பார்கள். சாவு வீட்டில் எதுவும் மின்னக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஊசித் தலைகூட மின்னக் கூடாது.

நான் வேலை செய்த வீட்டுத் துரை, நெசவுக்காரர்களிடம் துணி எடுத்துக் கப்பலேற்றுகிறவர். தறிக் கொட்டகைகளிலேயே பாதி நாள் கழித்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார், என்ன, எல்லோரிடமும் பேரம் பேசுகிற மாதிரியே பேசுவார். துரைசாணி இளம்பெண். கல்யாணம் ஆகி நேரே கப்பலில் வந்து இறங்கியவள். அவளுக்கு நானும், எனக்குத் துணையாகப் பசியாவரத்திலிருந்து வந்த எல்லம்மாவும். ஏரிக்குள் இருக்கும் தீவு ஊர் அது. எல்லம்மாவின் அப்பா வலை போடுகிறவர். இவளும் வலை பின்னிய கை என்பதால் விரல் சுறுசுறுப்பு. வாய்தான் கொஞ்சம் நீளம்.

வந்த புதிதில் துரைசாணியின் தோளில் ஊசியை ஏற்றிவிட்டாள். ரத்தம் பொட்டாக வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. துரைசாணி கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அரைகுறைத் தமிழில், "நான் மீன் இல்லை" என்றாள்.

"மீனா இருந்தா இந்நேரம் துள்ளிருப்பீங்கம்மா" என்றாள் எல்லம்மா.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். துரைசாணியோ சிரித்த சிரிப்பில் குத்தி வைத்த ஊசியெல்லாம் கழன்று தரையில் விழுந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் ஓர் ஒட்டுதல். துரை தறிக் கொட்டகைக்குப் போன பிறகு மாடியில் கடல் பக்கமாக நாற்காலியைப் போடச் சொல்லி, எல்லம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வாள். கப்பல் தெரிந்தால், "போகுதா, வருதா?" என்று கேட்பாள். பாயைப் பார்த்து எல்லம்மா சொல்வாள். போகிற கப்பல் என்றால் துரைசாணி அது மறைகிற வரைக்கும் பேச மாட்டாள். மார்பில் அந்த நாடாப் பதக்கம் இருக்கும். அது அவளுடைய அம்மா, இவள் கப்பலேறுகிற அன்று தன் மார்பிலிருந்து கழற்றி இவளுக்குக் குத்திவிட்டதாம். பேசாமல் இருக்கும்போது விரல் அந்த முத்தையே உருட்டிக்கொண்டிருக்கும்.

மழை விட்ட பிறகு வருகிற காய்ச்சல் அந்த வருஷம் கோட்டைக்குள் புகுந்தது. துரைசாணி படுத்தாள், எழுந்திருக்கவில்லை. ஒரு காலையில் போய்ச் சேர்ந்தாள். துரை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

உடுத்தும் வேலை என்னுடையது. நல்ல உடுப்பு ஒன்றை எடுத்து, அவர்கள் வழக்கப்படி மார்பை மூடிக் கறுப்பு ஊசிகளைக் குத்தினேன். எல்லம்மா கால்மாட்டில் நின்றவள், "அக்கா, அது இரும்பு" என்றாள்.

"தெரியும்டீ."

"பொணத்து மேல இரும்பு குத்தறியே!"

நானும் கடலோரக் குப்பத்துக்காரிதான். எங்கள் ஜனத்தில் இறந்தவர் உடம்பில் ஒரு துளி இரும்பு இருக்க விடமாட்டார்கள். இரும்பு இருந்தால் உயிர் அந்த இடத்தை விட்டு நகராது, அங்கேயே நின்றுவிடும் என்பார்கள். ஆனால் இது அவர்கள் வீடு, அவர்கள் சாவு. "அவங்க வழக்கம் அவங்களுக்கு, வாய மூடு" என்று சொல்லிவிட்டு, துரைக்குக் கறுப்புத் துணி கட்டிவிடப் போனேன். திரும்பி வரும்போது தச்சர்கள் பெட்டியோடு நின்றார்கள். துரைசாணியின் கழுத்துத் துணி மார்பு வரைக்கும் இழுத்து விட்டிருந்தது. எல்லம்மா தலைமாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூடியை வைத்துவிட்டார்கள். கோட்டைக்கு வெளியே இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் அன்றைக்கே அடக்கம் நடந்தது.

அடக்கம் முடிந்த மறுநாளே, துரை மனைவியின் நகைப் பெட்டியைத் திறந்தார். அந்த நாடாப் பதக்கத்தை ஊரிலிருக்கும் மாமியாருக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அவர் எண்ணம். துறைக்கு வெளியே கப்பல் ஒன்று நங்கூரமிட்டு நின்றது. பெட்டியில் எல்லாம் இருந்தது. நாடாப் பதக்கம் இல்லை.

வீடே தலைகீழானது. துரை கோட்டையின் விசாரணைக்காரரிடம் புகார் கொடுத்தார். அந்த மனிதர் வந்து எங்கள் எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தினார். அவருக்குத் தமிழ் தெரியாது. துபாஷிதான் கேட்டுச் சொன்னார். என்னைக் கேட்டார், தெரியாது என்றேன். சமையல்காரியைக் கேட்டார், அவள் குலதெய்வம் ஒன்றுவிடாமல் எல்லாவற்றின் மேலும் சத்தியம் செய்தாள். பிறகு எல்லம்மா.

"பதக்கத்தை நீ எடுத்தாயா?"

"எடுத்தேன்."

எனக்குக் காதில் ஏதோ அடைத்தது போலிருந்தது. துபாஷிகூட ஒரு நொடி மொழிபெயர்க்க மறந்து நின்றார்.

"எங்கே வைத்திருக்கிறாய்?"

"அத்த சொல்ல மாட்டேன்."

"விற்றுவிட்டாயா?"

"திருடினாத்தான் விப்பாங்க. நான் திருடல."

"எடுத்தேன் என்கிறாய், திருடவில்லை என்கிறாய். இது என்ன பேச்சு?"

"நெஜமான பேச்சு" என்றாள்.

அதற்கு மேல் ஒரு சொல் அவளிடமிருந்து வரவில்லை. பசியாவரத்துக்கு ஆள் போய் அவள் அப்பன் குடிசையைக் கூரை வரை பிரித்துப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. விசாரணைக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். இடத்தைச் சொல்லாவிட்டால் அவளைக் கப்பலேற்றிவிடுவது. நீங்கள் இந்தக் கோட்டையில் பிறந்து வளர்ந்தவர்கள் இல்லையென்றாலும் அதற்கு என்ன பொருள் என்று தெரியும். கடல் தாண்டி இருக்கும் அவர்கள் பட்டணமான பத்தாவிக்குப் போகிற கப்பல்களில் துணி மூட்டை மட்டும் போகவில்லை. அடிமையாக விற்க ஆளும் போனது. போன ஆள் எவரும் திரும்பி வந்து இந்த ஏரித் தண்ணீரில் கால் நனைத்ததில்லை.

மறுநாள் வாடைக் காற்று எழுந்தது. நடுப்பகலில் படகு, சாயங்காலம் கப்பல் என்று சொன்னார்கள். கோட்டை வாசலில் எல்லம்மாவின் அப்பா நின்றுகொண்டிருந்தார். பெரிய உருவம், அன்றைக்கு ஒடுங்கிப்போயிருந்தார். என்னைப் பார்த்ததும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் அவள வேலைக்கு இட்டாந்த. நீயே கேளும்மா. எங்க வெச்சானு ஒரு வார்த்த சொல்லிட்டா போதும்ன்றாங்க. பேஜாரு புடிச்ச பொண்ணு, எங்கிட்ட வாயே தொறக்க மாட்டேன்றா. நான் பெத்தது கல்லா?"

சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு அவளை அடைத்து வைத்திருந்த இடத்துக்குப் போனேன். சாயத் துணி மூட்டைகள் அடுக்கும் அறை. நெடி மூக்கைப் பிடுங்கியது. மூட்டைகளுக்கு நடுவே குந்தியிருந்தாள்.

"சோறு துன்னு" என்றேன்.

"வேணாம்க்கா."

"இன்னாடீ நெனச்சினு கீற? கப்பல்னா ஏரியில போற தோணினு நெனச்சியா? ஒங்க நைனா வாசல்ல நிக்கறாரு. நின்ன எடத்துலயே செத்துடுவாரு போலக் கீது."

அழுதாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதாள். பிறகு கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, முந்தானை முனையில் போட்டிருந்த முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். அதை என் உள்ளங்கையில் கொட்டினாள்.

கறுப்பு ஊசிகள்.

முதலில் எனக்குப் புரியவில்லை. சாவு வீட்டில் மிச்சம் வந்தவை என்று நினைத்தேன். பிறகு அதில் ஒன்று வளைந்திருந்ததைப் பார்த்தேன். அந்த ஊசி துணியில் இறங்காமல் முரண்டு பிடித்தது. நான்தான் கட்டைவிரலால் அழுத்தி வளைத்தேன். துரைசாணியின் மார்பில். அவள் மண்ணுக்குள் போன அன்று.

ஊசிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் நான் குத்தியவைதான்.

"நீ போனதும் எடுத்துட்டேன்" என்றாள். "எடுத்தா சட்ட தொறந்துக்குது. பித்தள ஊசி அந்த அறையில ஒண்ணுகூட இல்ல. நகப் பொட்டி இருந்துச்சு. அவங்க அம்மா குத்திவிட்ட பதக்கம். அத்த குத்தி மூடிட்டு, மேல துணிய இழுத்துவுட்டேன்."

"அடிப்பாவி, பதக்கம் கல்லறைக்குள்ளயா கீது?"

"மெதுவா பேசு!"

"இத்த நேத்தே சொல்லிருந்தா..."

"சொன்னா தோண்டுவாங்க." இப்போது அவள் கண்ணில் அழுகை இல்லை. "தோண்டி, பொட்டிய ஒடச்சி, பதக்கத்த புடுங்குவாங்க. மறுபடியும் ஒன்னையே கூப்புட்டு இரும்ப குத்த சொல்லுவாங்க. நீயும் குத்துவ. வழக்கம்னு சொல்லுவ."

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. "ஏன்டீ, அவங்க சாமி வேற, அவங்க ஊரு வேற. இரும்பு அவங்கள இன்னா பண்ணும்?" என்றேன்.

"அவங்க எப்பவும் இன்னா கேப்பாங்க? கப்பல் போவுதா வருதானு கேப்பாங்க. காய்ச்சல்ல படுத்தினு இருந்தப்ப எங்கையப் புடிச்சினு, எல்லம்மா, நான் எங்க அம்மாகிட்ட போவணும், இங்க இருக்க மாட்டேன்னு சொல்லினே இருந்தாங்க. இரும்பு இருந்தா எப்பிடிக்கா போவாங்க? இங்கியே நின்னுடுவாங்க இல்ல? இந்தக் கோட்டையில, இந்த உப்புக் காத்துல, ஒருத்தருமே இல்லாம."

செத்துப்போனவளை ஊருக்கு அனுப்புவதற்காக, உயிரோடு இருப்பவள், தான் ஊர் திரும்பவே முடியாத கப்பலில் ஏறத் துணிந்து உட்கார்ந்திருக்கிறாள்! இதை எங்கே போய்ச் சொல்வது? எந்த நியாயத்தில் இதற்கு இடம் இருக்கிறது?

"ஊசிய தாக்கா. பொணத்துல இருந்து எடுத்த இரும்ப முகத்துவாரத்துல போடணும். அதுக்குள்ள புடிச்சிட்டாங்க. நீ போட்டுடு. யார்கிட்டயும் சொல்லாத."

ஊசிகளை மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்தேன்.

பெண்களே, இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். நானும் அன்றைக்கு அந்த அறை வாசலில் நின்றேன். சொல்வதா வேண்டாமா என்ற யோசனை எனக்கு அதிக நேரம் இருக்கவில்லை. ஒரு பெண்ணின் உயிர் அது; சொல்லித்தான் ஆக வேண்டும். என்னைத் திகைக்க வைத்தது வேறு கேள்வி. யாரிடம்? நம் வேலையில் அறைக்குள் நடப்பதெல்லாம் நம் கண்ணில் படும். ஒரே விஷயம் ஒருவர் காதில் விழுந்தால் மருந்து, இன்னொருவர் காதில் விழுந்தால் கடப்பாரை. எதிரே, படிக்கட்டில், விசாரணைக்காரரும் துபாஷியும் ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

"பெண் ஏதாவது சொன்னாளா என்று கேட்கிறார்" என்றார் துபாஷி.

மடியில் ஊசி ஒன்று வயிற்றில் குத்தியது. எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிட வாய் துடித்தது. கொட்டியிருந்தால் எல்லம்மா பிழைத்திருப்பாள். அரை நாழிகைக்குள் மண்வெட்டியோடு ஆள் போயிருக்கும். அவர் கெட்டவர் இல்லை. காணாமல் போனதைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. இருக்கும் இடம் தெரிந்த பிறகு எடுக்காமல் விட அவருக்கு எந்தக் காரணமும் இல்லை.

"சோறு வேணாம்னு சொன்னா ஐயா" என்றேன். அது பொய்யில்லை.

ஓடவில்லை, ஆனால் ஓட்டம் மாதிரிதான் துரை வீட்டுக்கு வந்தேன். அவர் மனைவியின் அறையில் தனியாக நகைப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். கேட்காமல் உள்ளே போய், ஊசிகளை மேசைமேல் வைத்தேன்.

"இது என்ன?"

"அம்மாவ அடக்கம் பண்ணப்ப நான் மார்புல குத்தின ஊசி, தொரை."

அவர் குனிந்து பார்த்தார். "அது மண்ணுக்குள்ளே போயிற்று. இங்கே எப்படி வரும்?"

"இது இங்க வந்துடுச்சி. அப்ப அங்க அம்மா சட்டைய மூடிப் புடிச்சினு இருக்கறது இன்னா தொரை?"

அவர் முகத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு ரத்தம் அப்படியே வடிந்து, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆனது. கை தானாக எழுந்து அவருடைய நெஞ்சின் நடுவில், பதக்கம் குத்துகிற இடத்தில் போய் நின்றது.

"யார்... ஏன்?"

சொன்னேன். எங்கள் ஜனத்தில் இரும்பைப் பற்றிச் சொல்வதைச் சொன்னேன். எல்லம்மா ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று பயந்தேன். பெண்டாட்டியின் பிணத்தில் கை வைத்த வேலைக்காரியை எந்தப் புருஷன் பொறுத்துக்கொள்வான்? ஆனால் அவர் ஒரே ஒரு இடத்தில்தான் என்னை நிறுத்தினார்.

"ஊருக்குப் போக வேண்டும் என்று சொன்னாளா?"

"தெனமும் சொல்லுவாங்களாம் தொரை. மாடியில உக்காந்துனு. காய்ச்சல்லயும் அதே பேச்சாம்."

"என்னிடம் சொல்லவில்லை" என்றார். மறுபடியும், "ஒரு நாள்கூட என்னிடம் சொல்லவில்லை" என்றார். பேரம் பேசுகிற அந்தக் குரல் எங்கே போயிற்றோ, வேறு யாரோ பேசுவது போலிருந்தது.

வெளியே காலணிச் சத்தம். விசாரணைக்காரர் வந்துவிட்டார். படகு தயாராக இருக்கிறது, பெண்ணை இறக்கட்டுமா என்று கேட்க வந்திருந்தார். அவர்கள் தங்கள் பாஷையில் பேசினார்கள். அத்தனை வருஷம் அவர்கள் பெண்களுக்கு உடுத்தியவள் நான். எனக்குப் போதுமான அளவு புரியும்.

"பதக்கம் கிடைத்துவிட்டது" என்றார் துரை.

"எங்கே?"

"என் மனைவியிடம் இருக்கிறது."

விசாரணைக்காரர் சிரிக்கலாமா வேண்டாமா என்பது போல நின்றார். பிறகு மேசைமேல் கிடந்த கறுப்பு ஊசிகள் அவர் கண்ணில் பட்டன. அவரும் தங்கள் ஜனத்துச் சாவு வீடுகளைப் பார்த்தவர்தானே, அந்த ஊசி எதற்கு என்று தெரியும். அவர் காது மடல் சிவந்தது. "அப்படியென்றால் திறந்து பார்க்க வேண்டும். உங்கள் பேச்சை மட்டும் வைத்து நான் முடிக்க முடியாது. அது ஊருக்குப் போக வேண்டிய பொருள் என்று நீங்கள்தானே எழுதிக் கொடுத்தீர்கள்?"

துரை நினைத்தால் தோண்டிவிட ஒரு சொல் போதும்.

அவர் எழுந்து, கதவுக்கும் விசாரணைக்காரருக்கும் நடுவில் போய் நின்றார். "அவள் அம்மாவின் பதக்கம் அது. அவள் அம்மாவிடம் போய்ச் சேர வேண்டியது. அவளே கொண்டுபோகிறாள். புகார் கொடுத்தவன் நான், நானே அதைத் திரும்பப் பெறுகிறேன்" என்றார்.

கடைசியில் விசாரணைக்காரர் பெண்ணை விட்டுவிடச் சொல்லிவிட்டு, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

நம் வேலையில் இருப்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இதுதான். பதக்கத்தில் எத்தனை வைரம், எந்தக் கொக்கி என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். அது யார் கையால் யார் மார்பில் ஏறியது என்பதை நாம் மட்டும்தான் பார்க்கிறோம். அப்படிப் பார்த்ததை ஒரு நாள் சொல்ல வேண்டி வரும். அன்றைக்கு, முதலில் எதிரே வருகிறவரிடம் சொல்லாதீர்கள். அந்தப் பொருளுக்காக அழுகிறவர் யார் என்று பார்த்து, அவரிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் உங்களை அடிக்கலாம், துரத்தலாம். ஆனாலும் அவரிடம்தான்.

ஊசிகளை முகத்துவாரத்தில் போட மறுபடி மடியில் செருகிக்கொண்டு, எல்லம்மாவை நானே போய் அழைத்து வந்தேன். விட்டுவிட்டார்கள் என்றதும் அவள் சந்தோஷப்படவில்லை. "தோண்டிட்டாங்களா?" என்றுதான் கேட்டாள். இல்லையென்று சொன்ன பிறகும் நம்பாமல் என் முகத்தையே பார்த்தபடி வந்தாள். "சொல்லிட்டியே, சொல்லாதன்னு சொன்னேனே" என்று வழியெல்லாம் என்னை வைதாள். வாசலில் அவள் அப்பா அவளைப் பார்த்தார். பார்த்ததும் பளாரென்று ஒன்று விட்டார். "வாயி எதுக்குடீ குட்த்தான் ஆண்டவன்? மீனுக்கு இருக்கற மாரி தொறந்து மூடவா?" என்று கத்தினார். அடித்த கையாலேயே அவள் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, அவர் அழுத அழுகையில் காவல்காரன்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நைனா, வுடு நைனா, மூச்சு முட்டுது" என்றாள் எல்லம்மா.

அப்போதுதான் துரை வீட்டிலிருந்து இறங்கி வந்தார். நாங்கள் மூவரும் ஒதுங்கி நின்றோம். எல்லம்மா என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். அடிக்கப்போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் எங்களை நெருங்காமல் சற்றுத் தள்ளியே நின்றார். நாடாப் பதக்கத்தின் கொக்கி எவ்வளவு லேசானது என்று அவருக்கும் தெரியும். எத்தனை முறை அது கழன்று விழுந்து, குனிந்து எடுத்துக் கொடுத்திருப்பார்.

"எல்லம்மா" என்றார். அந்த வீட்டில் அவர் அவள் பெயரைச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. "அது நன்றாகப் பூட்டியிருக்கிறதா? வழியில் கழன்றுவிடாதே?"

எல்லம்மா என் தோளுக்குப் பக்கத்தில் தலையை நீட்டினாள்.

"கொக்கிய நம்பல தொரை. நூலு சுத்தி வல முடிச்சு போட்டிருக்கேன். கடலே இழுத்தாலும் அவுராது."